ஓட்டியவர் பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் தானே கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பத்துப் பெண்கள் யாராவது ஓட்டியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் மறுத்ததில்லை. கேட்கப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்துப்போனதால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நான் டாக்டர். கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, குடியிருந்த வீட்டின் முன்பகுதியில் ஆறு கட்டில் போட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று வைத்திருந்தேன். கணவருக்குப் புதுச்சேரியில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் நான் உடனே போயாக வேண்டும். மழைக்காலத்தில் வாடகைக் கார்க்காரர்கள் கிராமத்துப் பக்கம் வர மாட்டார்கள். அதனால் ஒரு பழைய அம்பாசடர் வாங்கி, டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டேன்.

அவர் வரிச்சிக்குடிக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நல்ல உயரம். லாரியில் கிளீனராகச் சேர்ந்து படிப்படியாக டிரைவர் ஆனவர். மனைவி நடவு வேலைக்குப் போவார். இரண்டு பெண் குழந்தைகள். அதிகம் பேசமாட்டார். ஆனால் இடுப்புவலி கண்ட பெண்ணைப் பின்சீட்டில் படுக்கவைத்து அழைத்து வரும்போது, போலகம் சாலையில் எந்த மரத்துக்கு அப்புறம் எந்தப் பள்ளம் என்று நினைவு வைத்து, அந்தப் பெண் அலுங்காமல் ஓட்டுவார். "டாக்டரம்மா வண்டியில வந்தா வலி தெரியலைங்க" என்று பெண்கள் சொல்வதுண்டு. அந்தப் பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடற்கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே கூட்டிப் போவார். கிளட்சை நான் எத்தனை தடவை பட்டென்று விட்டு வண்டி குதித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். "இன்னொரு வாட்டிங்கம்மா" என்பார், அவ்வளவுதான். எனக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு அவர் தன் காசில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஊருக்குள் போகும்போது நான் ஓட்டுவேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து வருவார். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் யாரையும் பார்க்காத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு ஓட்டுவேன்.

என் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திக்குக் கல்யாணம் வந்தது. மாதா கோயிலில் பூசை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. வண்டிகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திடலில் நிறுத்தச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒரு வேன், நிறைய ஸ்கூட்டர்கள். திடல் மணலாக இருந்ததால் எல்லோரும் புளியமரத்தடியில் கெட்டியான தரை பார்த்து நெருக்கி நிறுத்தியிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. பந்தியிலிருந்து எழுந்தவர்கள் எல்லாரும் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து காரை நானே எடுத்து, வாசல் வழியாக, அவர்கள் முன்னால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பொண்ணு மாப்பிள்ளையும் அங்கேதான் நின்றார்கள். டிரைவர் கதவைத் திறந்தபோது, "நான் எடுக்கிறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் என் முதுகுத் திண்டை வைத்து உட்கார்ந்தேன். எனக்கு உயரம் போதாது. திண்டு இல்லாமல் கால் எட்டாது. அவர் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

"அம்மா, பின்னால வெள்ளக் கார் ஒண்ணு நிக்குதுங்க. நான் எறங்கிப் பாத்துச் சொல்றேன், மெல்ல எடுங்க" என்றார்.

"தெரியுது, உக்காருங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளட்சை விட்டேன். பின்சக்கரத்துக்கு அடியில் மணல் இருந்திருக்கிறது; சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். பிடி கிடைத்ததும் வண்டி ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போனது. பின்கண்ணாடி வழியாக அந்த வெள்ளைக் கார் பெரிதாகிக்கொண்டே வந்ததையும், அதன் திறந்த கதவோரம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி முகத்தை நிமிர்த்தியதையும் பார்த்தேன். பிரேக்கை மிதிப்பதற்குள் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது.

நான் இறங்கி ஓடினேன். அறுபது வயதிருக்கும் அம்மாள். பட்டுப்புடவை. கதவுச் சட்டத்தில் நெற்றி அடித்து, புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, "மயக்கம் வருதா? கண்ணு தெரியுதா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் நான் டாக்டர் மட்டும்தான்; வேறு எதுவும் மனதில் இல்லை. அது வரைக்கும் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் காரின் பம்பர் அந்தக் காரின் கதவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்தால்தான் அந்த அம்மாளை வெளியே இறக்க முடியும். டிரைவர் சுற்றி வந்து என் இடத்தில் ஏறி, காரை முன்னால் நகர்த்தினார். சத்தம் கேட்டு வாசலில் நின்றவர்கள் ஓடி வந்தது அப்போதுதான். அவர்கள் பார்த்த காட்சியில், ஸ்டீயரிங்கில் அவர் இருந்தார்.

முதலில் வந்தவர் அந்த அம்மாளின் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். எழுபது வயதுக்கும் முதுகு வளையாத மனிதர். மனைவியின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா ஓட்டுனது?" என்று கத்தினார்.

டிரைவர் காரிலிருந்து இறங்கி நின்றார். என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்கு வேண்டிய நேரம் எனக்குக் கொடுத்தார். அதை நான் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு விநாடி இருக்கும். "நான்தான்" என்று சொல்ல அது தாராளமாகப் போதும். சுற்றிலும் இருபது முப்பது பேர் நின்றார்கள். பொண்ணு மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். நான் குனிந்து அந்த அம்மாளின் காயத்தைப் பார்த்தேன்.

"நான்தாங்க. தப்புதாங்க" என்றார் டிரைவர்.

சொல்தா அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. குடிச்சிருக்கியா, கண்ணு அவிஞ்சு போச்சா, உன்னை நம்பி ஒரு பொம்பளை எப்படிக் கார்ல ஏறுறாங்க என்றெல்லாம் கேட்டார். கூட்டத்தில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "பாவம், நீங்களே ஓட்டியிருந்தா இது ஆயிருக்காது டாக்டரம்மா" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாளை என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். ஐந்து தையல். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் தையல் போடும்போது இழுபடுவது தெரியும். அவர் முனகக்கூட இல்லை. கண்ணை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலியைத் தாங்குகிற விதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சொல்தா தணிந்திருந்தார். என் மேசையில் இருந்த காகிதத்தை எடுத்து, ஸ்கேல் வைத்துத் திடலை வரைந்துகொண்டிருந்தார். மரம், இரண்டு கார், எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அம்புக்குறி.

"பிரான்சுல இப்படித்தான் மதாம்" என்றார். "இடிச்சவங்களும் இடிபட்டவங்களும் ஒரே காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குவோம். கொன்ஸ்தான்னு சொல்லுவாங்க. எனக்குக் கேஸு கீஸு ஒண்ணும் வேணாம். தப்பு யார் பேர்லன்னு எழுதிட்டாப் போதும். கதவை நானே பாத்துக்குறேன்."

தமிழிலேயே எழுதியிருந்தார். டிரைவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காரின் சொந்தக்காரி என்ற முறையில் நானும் போட்டேன்.

காரியம் அதோடு முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தவள் நான். "அவர் கதவை அவர் ஏன் பாத்துக்கணும்? நமக்கு இன்சூரன்ஸ் இருக்கு, முறைப்படி செய்வோம்" என்று ஏஜெண்டை வரவழைத்தேன். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் முறைப்படி செய்ய நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது! ஏஜெண்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆளுக்குக் காயம் பட்டிருக்குங்களே, ஸ்டேஷன்ல பதிவு பண்ணாம கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

அன்று மாலை கிராமத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் டிரைவர்தான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"போலீஸ்ல எழுதணுமாம்" என்றேன்.

ஒரு பள்ளத்தில் வண்டியை மெல்ல இறக்கி ஏற்றினார். பிறகு, "எழுதிக்கட்டுங்கம்மா. நீங்க ஓட்டுனதுன்னு தெரிஞ்சா ஊரு ஒரு மாதிரி பேசும். எனக்கென்னங்க" என்றார்.

அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். என் மனதில் இருந்ததைப் படித்து, நான் கேட்கும் சிரமத்தை எனக்கு வைக்காமல் அவர் சொன்ன வார்த்தை அது. சம்பளம் வாங்குகிற இடத்தில் ஒருவர் வேறு என்ன சொல்ல முடியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

படிவம் வந்தது. பாலிசி எண், பதிவு எண், விபத்து நடந்த இடம், நேரம். நடுவில் ஒரு கட்டம்: விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பெயர். அதில் அவர் பெயரை என் கையெழுத்தில் எழுதினேன். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு எழுதினேன். அதோடு நிற்கவில்லை. போலீசுக்குக் காயச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தையல் போட்ட டாக்டர் நான்தானே. காயத்தின் நீளம், ஆழம் எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் எழுதிவிட்டு, காயம் ஏற்பட்ட விதம் என்ற இடத்திலும் அவர் பெயரையே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். என் கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊரில் பிறப்பும் இறப்பும் பதிவானது.

கணவர் வந்தபோது சொன்னேன். "விடு, டிரைவர்னு வெச்சிருக்கறது எதுக்கு?" என்றார். அந்த வார்த்தை எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

இழப்பைப் பார்வையிடக் கும்பகோணத்திலிருந்து சர்வேயர் வந்தார். சுறுசுறுப்பான ஆள். பின்பக்கத்தை அளந்தார், போட்டோ எடுத்தார். பிறகு முன்கதவைத் திறந்து ஸ்டீயரிங் பக்கம் எட்டிப் பார்த்தார். என் திண்டு அங்கே சீட்டோரம் கிடந்தது. அதை எடுத்து, உயரமான எங்கள் டிரைவரையும் திண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாருது?"

"அம்மா ஓட்டும்போது வெச்சுக்குவாங்க சார்" என்றார் டிரைவர்.

"அன்னைக்கு நீதான் ஓட்டுன?"

"ஆமாங்க சார்."

சர்வேயர் என்னைப் பார்த்தார். "காபி சாப்பிடுங்க" என்றேன். அவர் திண்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு டாக்டரிடம் இதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். அந்த மரியாதையையும் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க அந்த அம்மாள் வந்தார். தனியாகத்தான் வந்தார். நர்ஸை வெளியே அனுப்பச் சொன்னார். நான் இரண்டு தையலைப் பிரித்திருப்பேன்.

"நீங்கதானே ஓட்டுனீங்க டாக்டர்?" என்றார்.

என் கையில் கத்தரி இருந்தது. அது அவர் கண்ணுக்கு மேலே இருந்ததால் கையை எடுத்துக்கொண்டேன்.

"பின்னாடி திரும்பி வந்தீங்கல்ல. நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த ஆளு பக்கத்து சீட்ல இருந்தாரு."

நான் கத்தரியைத் தட்டில் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு." குரலில் கோபம் இல்லை. "மிச்சத்தையும் பிரிச்சு விடுங்க, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும்."

பிரித்தேன். போகும்போது, "தழும்பு தெரியாதுன்னு நெனைக்கிறேன், நல்லாத்தான் தச்சிருக்கீங்க" என்றார்.

அன்றாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழக்கு இன்னும் கோர்ட்டுக்குப் போகாத நேரம் அது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். அந்த அம்மாளைத் தெருவில் பார்த்துவிடக் கூடாது என்று மாதா கோயில் தெரு வழியாகப் போவதை நிறுத்தினேன். காரை நானே ஓட்டுவதையும் நிறுத்தினேன். டிரைவர் மட்டும் எப்போதும்போல் வந்தார், ஓட்டினார், போனார்.

கோர்ட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தை நான் கட்டினேன். அவருடைய லைசென்ஸில் அந்தத் தண்டனையைச் சிவப்பு மையில் பதிந்து திருப்பிக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் ஒரு கோடு விழாமல் இருந்த லைசென்ஸ். காரில் உட்கார்ந்து அவர் அதைப் பிரித்துப் பார்த்தார்; மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆறு மாதம் கழித்து அரசாங்கத்தில் ஜீப் டிரைவர் வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. பல வருஷமாகப் பதிந்து வைத்துக் காத்திருந்த வேலை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். நானே அவருக்கு நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"லைசென்ஸ வாங்கிப் பாத்தாங்கம்மா. ஆளைக் காயப்படுத்துன கேஸு இருக்குதே, எடுக்க முடியாதுன்னுட்டாங்க." துணியைப் பிழிந்தார். "அதுக்கென்னங்க பண்றது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் அழுகையும் அவருக்கு உதவாத ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் சொல்லாமல் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கோப்பை எடுத்துவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா டாக்டர்?"

"இருக்கு."

"அப்ப காலாவதியா ஆயிருந்துச்சா?"

"இல்ல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஓட்டுனதுன்னு எழுதியிருந்தாலும் இதே க்ளெய்ம்தானே. ஒரு பைசா கொறஞ்சிருக்காது. எதுக்காக மாத்தி எழுதுனீங்க?"

அவர் கேட்டது உண்மையாகவே புரியாமல் கேட்டது. எனக்கு அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அந்த அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு கல்யாண வீட்டு வாசலில் நாலு பேர் என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஓட்டினேன். இடித்த பிறகு அதே நாலு பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக மாற்றினேன்.

"கோப்பு முடிஞ்சிருச்சு. பேசாம வீட்டுக்குப் போங்க, நான் கேக்காத மாதிரி இருந்துக்குறேன்" என்றார் மேனேஜர். நான் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது நெடுநாள் கழித்துப் பசித்தது. பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். தைரியமான காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் சொல்தா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவருடைய மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்தா என்னைத் திட்டவில்லை. "அந்த ஆளை நான் குடிகாரன்னு சொன்னேனே மதாம்" என்றார், அவ்வளவுதான்.

டிரைவரிடம் மட்டும் நான் சொல்லவில்லை. எல்லாம் சரியான பிறகு, லைசென்ஸில் அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பத்து நாள் இருக்கும். காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு வந்தார். காரைத் தொடவில்லை. வராந்தாவில் நின்றார்.

"கம்பெனியில இருந்து ரெண்டு பேரு எங்க ஊருக்கு வந்திருந்தாங்க" என்றார். "தெருவுல எல்லாரும் பாக்க நிக்க வெச்சுக் கேட்டாங்க. நீ ஓட்டலையாமே, காசு எவ்வளவு வாங்கிட்டு ஒத்துக்கிட்டேன்னு."

"நான்தான் உண்மையை எழுதிக் கொடுத்தேன். உங்களுக்காகத்தான்..."

"எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கம்மா." அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான், அதுவும் கொஞ்சம்தான். "முன்னாடி வண்டிய இடிச்சவன்னு பேரு. அது எந்த டிரைவருக்கும் வரும், தொடச்சிட்டுப் போயிடலாம். இப்ப காசுக்குப் பொய் சொன்னவன்னு பேரு. எங்க பெரிய பொண்ணு கேக்குது, நெசமாப்பான்னு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்; அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு அந்தத் திடல்ல சொல்லியிருந்தீங்கன்னா சரி. நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

சாவியை மேசை மேல் வைத்தார். நான் ஏதேதோ சொன்னேன். வக்கீலைப் பார்க்கலாம், தீர்ப்பை மாற்றலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வக்கீலிடம் நான் பிறகு போய்க் கேட்டேன்தான். கோர்ட்டில் பொய்யாக ஒப்புக்கொண்டதற்கு அவர்மேலும், பொய்ச் சான்று கொடுத்ததற்கு என்மேலும் வழக்கு வரலாம் என்றார் வக்கீல். எனக்கு வந்தால் வரட்டும் என்றேன். அவருக்கு வருவதை நான் தீர்மானிக்க முடியாது. டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிவப்பு மைப் பதிவு அப்படியே இருந்தது.

கம்பெனி கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது; கட்டினேன். பாலிசியை ரத்து செய்தார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு தண்டனையே இல்லை. ஊரிலும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "டாக்டரம்மா பெரிய மனசு, தானா போய் ஒத்துக்கிட்டாங்க" என்றுதான் பேசினார்கள். பொய் சொன்னவர் அவர், உண்மை பேசினவள் நான் என்று ஆகிவிட்டது.

சில மாதம் கழித்து அந்த அம்மாள் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். சொல்தா வரிச்சிக்குடிக்குப் பஸ்ஸில் போய், வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்று சொன்னார். தெருவில், எல்லாரும் பார்க்க. "நீங்க போனீங்களா டாக்டர்?" என்று கேட்டார். நான் போயிருக்கவில்லை. போக வேண்டும் என்று கிளம்பி, டிரைவரின் பெண்கள் இருப்பார்களே என்று பாதி வழியில் திரும்பியிருந்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. நானே ஓட்டினேன், பள்ளங்கள் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்து. அவர் ஒரு தனியார் பஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்று வருஷம் இருக்கும். கார் பட்டறையில் கிடந்த ஒரு மழைநாளில், டி.ஆர்.பட்டினம் தாண்டி ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தது. வந்த பஸ்ஸில் ஏறி முன்பக்க சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஓட்டுவது அவர். காதோரம் நரைத்திருந்தது. அவரும் பார்த்துவிட்டார். "வாங்கம்மா" என்றார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார். பஸ் அலுங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். மன்னிப்புக் கேட்க அரைமணி நேரம் கிடைத்தது. பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

நான் போக வேண்டிய வீடு பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மைல் உள்ளே. அங்கே நிற்காமல், டிக்கெட் வாங்கும்போது நான் சொன்னதைக் கேட்டிருந்தாரோ என்னவோ, அந்த வீட்டுக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் அவர் பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா எறங்கணும்" என்றார் அவர். "பாத்து எறங்குங்கம்மா, வழுக்கும்."

இறங்கினேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சேற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் போன பக்கம் திரும்பாமல் நடந்தேன்.